ஐந்து டாலர் தர்மமா?

“கம்பெனி தானாகவே மனமிரங்கிக் கூலியைக் கூட்டும், சங்கம் எதற்கு?” என்று பேசுகிறவர்கள் எல்லா ஆலை வாசலிலும் உண்டு. இவர்கள் சாட்சிக்கு அழைப்பது அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டை. 1914 ஜனவரி 5-ம் தேதி அவர் நாள் கூலி ஐந்து டாலர் என்று அறிவித்தார். ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின ஆண்டில் நடந்தது என்ன? அதையும் சொல்ல வேண்டாமா?

1913-ல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசை வந்தது. காரின் அடிச்சட்டம் நகர்ந்து வரும்; தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று ஒரே வேலையை நாள் முழுதும் செய்ய வேண்டும். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை, சில மாதங்களில் சுமார் ஒன்றரை மணி நேரமாக இறங்கியது. வேகம் எட்டு மடங்கு! கூலியோ ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட்தான்.

தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? கேட்பதற்குச் சங்கம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு அந்த ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதை! ஒரு கை நின்றால் வரிசை முழுதும் நிற்கும். புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கும் செலவு வேறு.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஐந்து டாலர். நூறு வேலைக்கு 370 விலகல் என்றிருந்தது 1915-ல் 16 ஆகக் குறைந்தது. செலவைக் குறைக்கத் தாம் செய்த மிகச் சிறந்த காரியங்களில் இது ஒன்று என்று ஃபோர்டே பின்னாளில் எழுதினார். இதற்குப் பெயர் தர்மமா, கணக்கா? அந்தக் கூலியும் எல்லோருக்கும் இல்லை. ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று வீடு தேடி வந்து பார்க்கக் கம்பெனி ஆட்களை அனுப்பியது.

அறிவிப்பைக் கேட்டு வேலையற்றோர் ஆயிரக்கணக்கில் வாசலில் கூடினார்கள். கொடுங்குளிரில் அவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டினார்கள். வெளியே இத்தனை பேர் காத்து நின்றால், உள்ளே இருப்பவர் விலகுவதற்கு மதிப்பு ஏது?

வயலில் உழைக்கும் தோழர்களுக்கு இது தெரியாததல்ல. நடவு மும்முரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் கூலி ஏறுகிறது. வேலையில்லாக் கோடையில் இறங்குகிறது. ஏறும்போது மிராசுதார் புண்ணியவான், இறங்கும்போது பாவி என்றா அர்த்தம்?

மந்தம் வந்ததும் ஃபோர்டின் தர்மம் எங்கே போயிற்று? 1932 மார்ச் 7-ம் தேதி வேலை கேட்டு அவருடைய ரூஜ் ஆலைக்கு ஊர்வலம் போனவர்கள்மேல் குண்டு பாய்ந்தது. நால்வர் மாண்டனர், காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். 1941-ல் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

அதே கம்பெனி நம் மறைமலை நகருக்கும் வந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே விலகியது தொழிலாளர்களா? இல்லை, கம்பெனி! 2022-ல் தொழிலாளர்கள் ஒன்றாக வேலையை நிறுத்தி நின்றார்கள். முதலில் சொன்ன இழப்பீட்டைக் கம்பெனி உயர்த்த வேண்டி வந்தது. ஆனால் ஆலை மூடப்படுவதைத் தடுக்க முடியவில்லை. ஓர் ஆலைக்குள் மட்டும் இருக்கும் ஒற்றுமைக்கு எல்லை அதுதான்.

ஒவ்வொருவராக விலகினால் முதலாளி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எல்லோரும் சேர்ந்து நின்றால் நம்மைக் கூப்பிட்டுப் பேசுவார். உள்ளே இருப்பவரும் வாசலில் காத்திருப்பவரும், இந்த ஆலையும் அடுத்த ஆலையும் ஒன்றாக நிற்கும் நாளில்தான், போவதையும் வருவதையும் அவர் தனியாக முடிவு செய்ய முடியாது.