நூற்றொரு மணியோசை

இங்கிலாந்தின் புராதன சர்வகலாசாலை நகரங்களுள் ஒன்று ஒக்ஸ்போர்ட். அங்கு செல்லும் பிரயாணிகள் கோபுரங்களையும் புத்தகசாலைகளையும் கண்டு வியப்பர். அந்நகரின் உள்ளத்தையும் அறிய விரும்புவோர் இரவு ஒன்பது மணிக்குக் கிறைஸ்ற் சேர்ச் கல்லூரி வாசலுக்குச் சென்று, ஐந்து நிமிடம் பொறுத்து நிற்றல் வேண்டும்.

சரியாக 9.05க்கு, கிறிஸ்தோபர் றென் வகுத்த கோபுரத்திலுள்ள ‘பெரிய ரொம்’ என்னும் மணி ஒலிக்கத் தொடங்கும். ஆறு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய அம்மணி, 101 முறை ஒலித்த பின்னரே ஓயும். ஆதியில் அக்கல்லூரியின் புலமைப்பரிசில் மாணாக்கர் 100 பேர். பதினேழாம் நூற்றாண்டில் மேலும் ஒருவர் சேர்க்கப்பட்டார். ஆளுக்கோர் ஒலியாக, வாயிற்கதவு அடைக்கும் வேளையை அது அறிவித்து வந்தது. நம் நாட்டின் பிரதமராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1920களிற் பயின்றது இக்கல்லூரியிலேதான்.

ஒன்பது மணிக்கு ஒலியாது ஐந்து நிமிடம் பிந்துவதேன்? ஒக்ஸ்போர்ட், கிறீனிச்சுக்கு மேற்கே ஒன்றேகாற் பாகையில் உள்ளது. ஆகவே அங்கு சூரியன் உச்சிக்கு வருவதும் ஐந்து நிமிடம் பிந்தியே. முற்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைக் கொண்டே நேரங் கணித்தது. 1844இற் புகையிரதம் வந்தது. ஊருக்கொரு நேரம் வைத்துப் புகையிரதம் ஓட்டுதல் இயலாது. 1880இல் கிறீனிச் நேரமே பிரித்தானியாவுக்குச் சட்டமாயிற்று. நகரம் பணிந்தது; ரொம் மாத்திரம் தன் பழைய ஒன்பது மணியைக் கைவிடவில்லை.

மேர்ட்டன் கல்லூரி மாணாக்கரின் வழக்கமோ இன்னும் விசித்திரமானது. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்வைக்கப்படும். அவ்வேளையில் அவர்கள் அங்கி தரித்து, மதுக்கிண்ணமேந்தி, கல்லூரி முற்றத்தைப் பின்புறமாக நடந்து சுற்றுவர். காலம் பிசகாமற் காப்பதற்காம்! 1968 முதல் ஆண்டு முழுவதும் ஒரு மணி முன்வைத்த நேரத்தைக் கைக்கொண்ட பிரித்தானியா, 1971இல் அதனைக் கைவிட்டபோது பிறந்த வேடிக்கை இது.

முன்னையது மூதாதையர் தந்தது. பின்னையது மாணாக்கர் தாமே புனைந்தது. இரண்டையும் வாழவைப்பது செய்பவர்களின் விருப்பமே. பரீட்சைக்குக் கறுப்பு உடையும் அங்கியும் கட்டாயமாக இருத்தல் வேண்டுமா என்று 2015இல் ஒக்ஸ்போர்ட் மாணாக்கரிடையே வாக்கெடுப்பு நடந்தது. நாலில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் ‘வேண்டும்’ என்றனர். பெரியோர் கட்டளையால் மட்டும் இத்தகைய தீர்ப்புக் கிடைப்பதில்லை.

நம் இல்லங்களிலும் “இதை ஏன் செய்கிறோம்?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. “அது வழக்கம்” என்று வாயடைப்பது எளிது. ஐந்து நிமிடம் ஏன் பிந்துகிறது என்பதற்கு ஒக்ஸ்போர்டிடம் விடை இருக்கிறது. நம் வழக்கங்களுக்கு நாமும் விடை தேடி வைத்திருப்போமாயின், அவற்றை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அடுத்த தலைமுறை அறிந்தே தீர்மானிக்கும்.