பாஷையா, பாஸ்போர்ட்டா?

சென்ற வாரம் ஒரு வாலிபர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். இங்கிலீஷ் இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். ஆறு வருஷங்களாகத் திருச்சியில் நர்ஸுகளுக்கும் இஞ்சினீயர்களுக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக்குப் பாடம் சொல்லி வருபவர். அந்தப் பரீட்சையில் அவரே 9-க்கு 8.5 வாங்கியிருக்கிறார். இதே வேலையை அன்னிய நாட்டில் செய்து நல்ல சம்பளம் பெறலாமென்று முயன்றவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பிரஜைகளை மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்றது ஒன்று. ஒன்றரை லக்ஷம் ரூபாய் கட்டிவிட்டுச் சுற்றுலா விஸாவில் புறப்பட்டு வாரும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது மற்றொன்று. என்ன செய்யலாமென்று நம்மைக் கேட்டார். இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் பட்டதாரிகள் பலருடையது. ஆகையால் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதத் துணிந்தோம்.

இவ்வேலை எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் கவனிப்போம். அமெரிக்க சர்வகலாசாலைகளில் சேர விரும்பும் அன்னிய மாணவர்களைச் சோதிக்க 1964-ல் டோஃபெல் பரீட்சை ஏற்பட்டது. கம்பெனிச் சிப்பந்திகளின் இங்கிலீஷை அளக்க 1979-ல் ஜப்பானியரின் வேண்டுகோளின்பேரில் டோயிக் பிறந்தது. 1989-ல் ஐ.இ.எல்.டி.எஸ். வந்தது. மேற்படிப்புக்கும், உத்தியோகத்துக்கும், அன்னிய நாட்டில் குடியேறுவதற்கும் இப்பரீட்சைகள் வாயிற்படிகளாகிவிட்டன. வியட்நாமில் பள்ளி இறுதிப் பரீட்சையின் அன்னிய பாஷைத் தாளிலிருந்து விலக்குப் பெறக்கூட இவற்றின் மதிப்பெண் உதவியிருக்கிறது. வாயிற்படி இருக்குமிடத்தில் அதைத் தாண்டக் கற்றுக்கொடுக்கும் பாடசாலைகளும் எழுவது இயற்கை. 1993-ல் பெய்ஜிங்கில் டோஃபெல் வகுப்பாகத் தொடங்கிய நியூ ஓரியண்டல் 2006-ல் நியூயார்க் பங்குச்சந்தையில் ஏறியதென்றால், இவ்வியாபாரத்தின் அளவை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை பெரிய சந்தையில் நம்மவர்களுக்கு இடமுண்டா? தென் கொரியாவின் விதியைப் பாருங்கள். தனியார் பயிற்சிக்கூடங்களில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வழங்கப்படும் ஈ-2 விஸா ஏழு நாடுகளின் பிரஜைகளுக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா. இந்நாடுகளைச் சேர்ந்தவருக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அது கணக்கிலாயினும் வியாபாரத்திலாயினும் ஆக்ஷேபமில்லை. நமது திருச்சி வாலிபரோ இங்கிலீஷையே பாடமாகப் படித்துத் தேறி, அதையே ஆறு வருஷம் கற்பித்தும், அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். சட்டம் இவ்வாறு கூறாத நாடுகளிலுங்கூட முதலாளிகளின் விளம்பரங்கள் இதையே கூறுகின்றன. தாய்லாந்து போன்ற இடங்களில் பிலிப்பைன்ஸ் தேசத்து உபாத்தியாயர்கள் அதே வேலைக்குக் குறைந்த சம்பளம் பெறுவது ஊரறிந்த விஷயம்.

இதிலுள்ள முரண்பாட்டைச் சற்று யோசியுங்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையின் கேட்பு, வாசிப்பு, பேச்சு ஆகிய மூன்றிலும் 7-ம், எழுத்தில் 6.5-ம் வாங்கினால் போதும். அதாவது, இங்கிலீஷ்காரனின் உயிரையே ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் ஒப்படைக்க இப்பரீட்சையின் சாட்சியம் போதுமானது. ஆனால் அதே பரீட்சையில் 8.5 வாங்கியவர் அதே பரீட்சைக்குப் பாடம் சொல்ல யோக்கியதையற்றவராம்! பரீட்சை நம்பத்தக்கதென்றால் உபாத்தியாயர் விஷயத்திலும் அதை நம்ப வேண்டும். நம்பத்தக்கதல்லவென்றால் லக்ஷக்கணக்கான மாணவர்களிடம் கட்டணம் வாங்கி அதை நடத்துவானேன்?

தன் நாட்டில் யார் வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. குழந்தைகள் பிறவியிலேயே இங்கிலீஷ் பேசுபவரின் உச்சரிப்பைக் கேட்டுப் பழக வேண்டுமென்று பெற்றோர் விரும்புவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பரீட்சைப் பயிற்சி என்பது வேறு தொழில். 60 நிமிஷத்தில் 150 வார்த்தையில் ஒன்றும், 250 வார்த்தையில் மற்றொன்றுமாக இரண்டு வியாசங்கள் எழுதவேண்டிய மாணவனுக்கு, அவன் வாக்கியம் எங்கே தடுக்குகிறது, வாதம் எங்கே அறுபடுகிறது என்று காட்டிக்கொடுப்பவரே தேவை. 6.5-ல் நின்றுவிட்டவனை 7-க்கு ஏற்றுவது உச்சரிப்பு மட்டுமன்று. பொறுமையும் இலக்கண ஞானமுமாகும். அன்னிய பாஷையாக இங்கிலீஷைக் கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கு, கற்பவன் இடறும் இடங்கள் சொந்த அனுபவத்தால் தெரியும். இது குறையன்று, மூலதனம்.

இந்தக் கதவு திறக்கவே திறக்காதென்று எண்ண வேண்டியதில்லை. 2010 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தில், உரிய பட்டமும் ஆசிரியத் தகுதியும் உடைய இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் இங்கிலீஷ் உதவி உபாத்தியாயர்களாகலாம் என்று இடம் செய்யப்பட்டது. அந்த வழி குறுகியது. பயிற்சிக்கூடங்களை அது தொடவில்லை. எனினும் ஏழு நாடுகளின் பட்டியல் வேதவாக்கல்ல, பேசினால் தளரக்கூடியது என்பதற்கு அதுவே அத்தாட்சி. சரக்குகளுக்காகவும் சுங்க வரிக்காகவும் மாதக்கணக்கில் வாதாடும் நம் சர்க்கார், இனிச் செய்யும் ஒவ்வொரு வியாபார ஒப்பந்தத்திலும் உபாத்தியாயருக்குத் தகுதியே அளவுகோல், பிறந்த நாடு அன்று என்ற ஷரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். நம் மாகாணத்துப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதைச் சபையில் எழுப்புவார்களா?

நிற்க, சர்க்கார் செய்யும் வரையில் வாலிபர்கள் செய்ய வேண்டியதென்ன? வக்கீல் என்ற முறையில் சில வார்த்தைகள் கூறுகிறோம். சுற்றுலா விஸாவில் போய் வேலை செய்பவன் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. சம்பளம் வராவிட்டால் நியாயஸ்தலத்தை நாட அவனுக்குத் தைரியமிராது. அதை அறிந்தே முதலாளி அவனை அழைக்கிறான். வேலை அனுமதிக்குரிய விஸா கைக்கு வருமுன் விமானம் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வாரத்தில் எத்தனை மணி, விடுமுறை, விலகும் நிபந்தனை நான்கும் எழுத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை எவரிடமும் அடகு வைக்காதீர்கள். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கூலிக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று வரம்பு கட்டின. அவ்வரம்புக்கு ஐந்து மடங்கு கேட்பவன் பதிவு எண்ணைக் காட்டுவானா என்று கேட்டுப் பாருங்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையென்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் மோசடிக் கூட்டத்தாரிடம் சிறைப்பட்டவர்களில் தமிழ் வாலிபர்களும் இருந்தார்கள். அவர்களும் படித்தவர்களே.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2021 ஜூலையில் சீன சர்க்கார் ஒரே உத்தரவால் பள்ளிச் சிறுவர்களுக்கான லாபநோக்குப் பயிற்சியைத் தடுத்தது. அயல்நாட்டில் இருந்துகொண்டு இணையத்தில் கற்பித்த அன்னிய உபாத்தியாயர்களையும் விலக்கியது. பெரிய ஸ்தாபனங்கள் ஆட்டங்கண்டன, பலர் வேலையிழந்தனர். பிறர் நாட்டின் பரீட்சை மோகத்தை நம்பி வாழ்வோர், அந்த மோகம் ஒரு நாளில் மாறக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே நாலு மாதிரி வியாசங்களை உருப்போட வைக்கும் வித்தையோடு நின்றுவிடாமல், கற்பிக்கும் தொழிலையே முறையாகப் பயிலுங்கள். கேம்பிரிட்ஜின் ஸெல்டா என்னும் பயிற்சி சுமார் 120 மணி நேரம் கொண்டது. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னிலையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அத்தகைய பத்திரம் எந்த நாட்டிலும் செல்லும். பரீட்சையின் பெயர் மாறினாலும் செல்லும்.

திருச்சி வாலிபருக்கு நாம் கூறியது இதுதான்: இரண்டாவது கடிதத்தைக் கிழித்தெறியும், முதல் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அந்தக் கடிதம் போன்றவை நூறு சேர்த்து வெளியுறவு அமைச்சின் முன் வைக்கப்படுமானால், அவற்றைப் படித்துவிட்டுச் சும்மாயிருப்பது அமைச்சுக்குச் சுலபமாயிராது. இதே பதிலைப் பெற்றுள்ள வாசகர்கள் அதன் நகலை நமக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். அவற்றைச் சேர்த்து உரிய இடத்துக்கு அனுப்பும் பொறுப்பை இப்பத்திரிகை ஏற்றுக்கொள்கிறது.