சிவராத்திரிக்குக் கண் விழிக்கும் மொட்டை மாடி

மகா சிவராத்திரி அன்று கேளம்பாக்கம் பக்கத்தில் விடிய விடிய விழித்திருப்பவர்கள் இரண்டு வகை. கோயிலில் நான்கு கால பூஜைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வகை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கூட்டம் மிகச் சிறியது. ஆனால் அவர்களுக்கும் அது விசேஷமான இரவுதான். அமாவாசைக்கு முந்தைய இரவு என்பதால் நிலா விடியற்காலையில்தான் தலைகாட்டும். மழைக்காலம் முடிந்துவிட்ட மாசி மாதம். வானத்தில் மிக மங்கலாக இருக்கும் ஒன்றைப் படம் பிடிக்க, சென்னைப் பக்கம் இதைவிட நல்ல இரவு அமைவது அபூர்வம்.

அப்படி மங்கலான ஒன்றுதான் மெடூசா நெபுலா. மிதுன ராசியில், புனர்பூச நட்சத்திரங்களுக்கும் அவற்றுக்குத் தெற்கே பளிச்சென்று தெரியும் புரோசியானுக்கும் நடுவில் இருக்கிறது. அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஏபெல் 1955-ல், பாலோமார் மலையில் எடுத்த புகைப்படத் தகடுகளில் இதைக் கண்டுபிடித்தார். தூரம் சுமார் 1,500 ஒளியாண்டு. அகலம், முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அளவில் சிறியதல்ல. இருக்கிற கொஞ்சம் வெளிச்சமும் அவ்வளவு பரப்பில் நீர்த்துப் போயிருக்கிறது, அதுதான் சிக்கல்.

இதைக் கோள்வடிவ நெபுலா என்கிறார்கள். கோளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில், இந்த வகைப் பொருள்களில் சில யுரேனஸைப் போலவே வெளிறிய சிறு வட்டமாகத் தெரிந்தன. அவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது, சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் கடைசிக் காலத்தில் ஊதித் தள்ளிய வாயு. நடுவில் மிஞ்சிய சூடான கரு புற ஊதாக் கதிர்களை வீச, வாயு ஒளிர்கிறது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் கலைந்து போய்விடும். நம் சூரியனுக்கும் சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து இந்த முறை வரும். இதில் விளிம்பில் இருக்கும் மங்கலான பகுதிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பெரும்பாலும் அவை நட்சத்திரம் முதலில் உதறிய வாயு. பழைய கணக்கு அங்கேதான் எழுதியிருக்கிறது.

மெடூசாவுக்கும் கேளம்பாக்கத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. வானத்தில் அது இருக்கும் இடம், வடக்கு 13 டிகிரிக்குச் சற்று மேல். கேளம்பாக்கத்தின் அட்சரேகை 13 டிகிரிக்குச் சற்றுக் கீழ். அதாவது, தினமும் ஒருமுறை கிட்டத்தட்ட நேர் உச்சி வழியாகவே அது இந்த ஊரைக் கடக்கிறது. பொங்கல் சமயத்தில் நள்ளிரவில், சிவராத்திரியை ஒட்டி ஒன்பது, பத்து மணிக்கு. லண்டன்காரருக்கு அது 52 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறவே ஏறாது.

உச்சி என்பது முக்கியம். கேளம்பாக்கத்தில் வடக்கே பார்த்தால் சிறுசேரியின் ஐ.டி. கட்டடங்கள், அதற்கப்பால் சென்னையின் மொத்த வெளிச்சம். மேற்கே வண்டலூர் சாலை. உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் கடல் இருக்கும் கிழக்கு மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. அடிவானத்தில் சாம்பல் பூசியது போலிருக்கும் வானம், உச்சியில்தான் ஓரளவு கறுக்கிறது. ஒளி கடந்து வர வேண்டிய காற்றும் அங்கேதான் குறைவு.

அப்படியும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இங்கேதான் ஃபில்டர் வருகிறது. தெருவிளக்கு எல்லா நிறத்திலும் ஒளி வீசுகிறது. நெபுலாவோ குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டுமே ஒளிர்கிறது. ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டர், ஆக்சிஜனின் நீலப்பச்சை 500.7 நானோமீட்டர். அந்த நிறத்தைச் சுற்றி மூன்று நானோமீட்டரை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் கண்ணாடி வில்லை கிடைக்கிறது. ஒரு வில்லையே நல்ல ஸ்மார்ட்போன் விலைக்கு வரும், வீட்டில் கணக்குச் சொல்லும்போது சிலர் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தவரை தடுப்பது எளிதாக இருந்தது. வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகு நீலப்பச்சைப் பக்கமும் கொஞ்சம் கசிகிறது. நிலா வெளிச்சமும் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் கெடுக்கும். எனவே நிலா இருக்கும் இரவுகளைச் சிவப்புக்கு ஒதுக்கி, சிவராத்திரி போன்ற இரவை ஆக்சிஜனுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று வரிசையாக எடுத்து, கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நெபுலா எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், அதனால் சேரச் சேர வலுக்கும். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் படத்துக்குப் படம் மாறும், அதனால் அமுங்கும். ஆனால் இந்தக் கணக்கு கஞ்சத்தனமானது. ஒரு மணி நேரப் படத்தின் தெளிவை இரட்டிப்பாக்க நான்கு மணி நேரம் வேண்டும். இன்னொரு முறை இரட்டிப்பாக்க 16 மணி நேரம். மெடூசாவின் பிரகாசமான பிறை வடிவப் பக்கம் சீக்கிரமே எட்டிப் பார்த்துவிடும். மறுபக்கத்து மங்கல்தான் இரவுகளை விழுங்கும்.

ஊரின் தொல்லைகள் வேறு. தொலைநோக்கியின் தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். இங்கே அது வடக்கில் வெறும் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, பக்கத்து அபார்ட்மென்ட் மறைத்துவிடும். குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்த தாங்கியை இவ்வளவு கீழே சாய்த்தால், எடைக்கட்டி போய் முக்காலியின் காலில் இடிக்கும். நள்ளிரவுக்கு மேல் கடல் ஈரம் லென்ஸில் பனியாகப் படியும், அதற்குச் சூடேற்றும் பட்டை கட்டுகிறார்கள். கீழே மோட்டார் போட்டால் மாடி அதிர்ந்து நட்சத்திரம் முட்டையாகும். “தம்பி, இதுல சனி கிரகம் தெரியுமா?” என்று மாடியேறி வரும் அடுத்த வீட்டுப் பெரியவரின் நடையும் அந்த ஐந்து நிமிடப் படத்தில் பதிவாகிவிடும்.

சென்னை ஒரு காலத்தில் இதற்கெல்லாம் கவலைப்படாத ஊர். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வான்நோக்கு நிலையம் இருந்தது. அங்கிருந்துதான் 1861-ல் என்.ஆர். போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ஆசியா என்று பெயரிட்டார். அதே நிலையத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். இன்றைய நுங்கம்பாக்கத்தில் திருவாதிரை தெரிந்தாலே அதிர்ஷ்டம். பெரிய தொலைநோக்கிகள் 1960-களிலேயே ஜவ்வாது மலையின் காவலூரைத் தேடிப் போய்விட்டன.

காவலூரை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் என். காமேஸ்வர ராவ் குழு, பூமியை விட்டே மேலே போய் இதே வேலையைச் செய்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் என்.ஜி.சி. 40 என்ற கோள்வடிவ நெபுலாவைப் பார்த்தபோது, ஏற்கெனவே தெரிந்த பகுதியைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் ஒன்று இருந்தது. 2018-ல் அதை வெளியிட்டார்கள்.

தரையிலிருந்தே பெரிய செய்தி கொடுத்தவர்களும் உண்டு. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற இருவர் பழைய வானப் படங்களில் புதிய கோள்வடிவ நெபுலாக்களைத் தேடும் அமெச்சூர்கள். யான் செய்ன்டி என்ற பிரெஞ்சுக்காரர் 2022-ல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை ஆக்சிஜன் ஃபில்டரில் எடுத்தார். தொலைநோக்கியின் விட்டம் 10.6 சென்டிமீட்டர்தான். நூறு மணி நேரத்துக்கும் மேல் சேர்த்த படத்தில், கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு நீல வளைவு நின்றது. உலகமே படமெடுத்துத் தள்ளிய இடத்தில் அதுவரை யாரும் பார்க்காதது. லென்ஸ் பிரதிபலிப்போ என்ற சந்தேகம் இயல்பாக வந்தது. வேறு ஆட்கள், வேறு தொலைநோக்கிகளில் எடுத்து அதே வளைவைப் பார்த்த பிறகே 2023 ஜனவரியில் அறிவித்தார்கள்.

அந்தச் சந்தேகம் கேளம்பாக்கம் மாடிக்கும் வேண்டும். இப்போதைய மென்பொருள்கள் படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று, இல்லாத இழைகளையும் வரைந்து தந்துவிடும். லைக் குவியும், ஆனால் வானத்தில் அது இருக்காது. ஒழுங்காகச் செய்பவர்கள் தை மாதத்துப் படங்களைத் தனியாகவும் மாசி மாதத்துப் படங்களைத் தனியாகவும் அடுக்குகிறார்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் தெரிகிற மங்கல்தான் நெபுலாவுடையது. ஒன்றில் மட்டும் தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிட வேண்டியதுதான்.

பங்குனி பிறந்ததும் மெடூசா இருட்டியவுடனே உச்சியைத் தாண்டி மேற்கே சரியத் தொடங்கும். இந்த ஆண்டு சேர்ந்த எட்டோ பத்தோ மணி நேரப் படங்கள் ஹார்டு டிஸ்க்கில் காத்திருக்கும். அடுத்த பொங்கலுக்கும் அது அதே இடத்துக்குத்தான் வரும். புதிய படங்களைப் பழையவற்றின் மேலேயே அடுக்கிக்கொள்ளலாம்.