தோட்டத்து ரொட்டிக்கும் ஓர் இடம்

கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசித்த கையோடு நகரச் சந்தைக்குள்ளும் ஒருமுறை நுழைந்து வரவேண்டும். கித்துள் பாணிப் போத்தல்கள், மாத்தளைப் பக்கத்துக் கறுவா, கராம்பு, சாதிக்காய், மாசி, கருவாடு, பிஞ்சுப் பலா என்று மலைநாட்டின் சமையலறை முழுவதும் அங்கே விரிந்து கிடக்கும். வல்லாரைக் கட்டு ஒன்றே; சிங்களவருக்கு அது கொட்டுக்கொல, நமக்கு வல்லாரை.

சந்தையைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் அமர்ந்தால், கேளாமலே ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் நிறைந்த தட்டு முன்னே வந்துவிடும். உண்டதை எண்ணிக் காசு வாங்குவார்கள். ஸ்பெயின் நாட்டுத் தப்பாஸைப் புகழ்ந்து எழுதும் பயணிகள் நம் சோர்ட் ஈட்ஸ் தட்டை ஏனோ கவனிப்பதில்லை.

என் குறை அதுவன்று. சுற்றுலா விடுதிகள் 'கண்டிய உணவு' என்று பரிமாறும் வரிசையில் பாற்சோறு உண்டு, பலாக்காய்க் கறி உண்டு, கொண்டைப் பணியாரமும் உண்டு. தேங்காய் ரொட்டிகூடக் காலை மேசைக்கு வருகிறது. தோட்டத்து ரொட்டி மட்டும் அந்தப் பெயரோடு வருவதில்லை. இரண்டும் ஒன்றுதானே என்பர் சிலர். ஒன்றல்ல. தோட்டத்து ரொட்டி தடித்தது. தேங்காய் அதில் பெயரளவுக்கே. விடியுமுன் கல்லில் சுட்டு, கட்டைச் சம்பலோடு மடித்து மலைக்கு எடுத்துச் செல்வதற்கென்றே உருவானது. சோறும் கறியும் ஆக்க நேரமற்ற பெண்களின் கண்டுபிடிப்பு அது.

அதற்குள் ஒரு வரலாறும் இருக்கிறது. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட காலத்தில், தோட்ட மக்களுக்கு அரிசியே பிரதான உணவு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, கோதுமை மா பங்கீட்டில் புகுந்தது. பின்னர் வெளியேறவே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள், 1973, 74இல் அந்த மாவும் போதாமல் பட்டினியால் மாண்டனர். 2022 நெருக்கடியில் மா விலை பன்மடங்கு ஏறியபோது முதலில் அடிபட்டவையும் லயன் அடுப்புகளே.

கத்தலான் மக்களிடம் 'பா அம் துமாக்கட்' என்றொரு பண்டம் உண்டு. ரொட்டித் துண்டில் தக்காளியைத் தேய்த்து, ஒலிவ எண்ணெயும் உப்பும் இடுவது, அவ்வளவுதான். காய்ந்த ரொட்டியை வீணாக்காத ஏழை வீட்டு உபாயம் என்றே அதைச் சொல்வார்கள். இன்று பார்சலோனாவின் பெரிய உணவகங்களும் அதைத் தம் மக்களின் அடையாளமாகப் பெயர் சொல்லிப் பரிமாறுகின்றன.

வறுமையின் உணவைக் கொண்டாடலாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. வெறும் மாவுணவு உடலுக்குப் போதாது. இரத்தச்சோகை தோட்டப் பெண்களின் பழைய நோய். ரொட்டியைப் புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தை மறப்பது கயமை. ஆயினும் அவ்வுணவை மறைத்துவைப்பதால் எவருக்கும் சம்பளம் கூடியதில்லை.

அந்தனையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே தேநீர் அருந்த வருவோருக்கு, அத்தளிரைப் பறித்தவர் உண்ட ரொட்டியையும் கட்டைச் சம்பலோடு கொடுத்துப் பார்க்கட்டும். பட்டியலில் 'தோட்டத்து ரொட்டி' என்றே மூன்று மொழியிலும் எழுதட்டும். சுடுவதற்குத் தோட்டத்துப் பெண்களையே அழைக்க வேண்டும். விற்ற காசும் அவர்கள் கைக்கே போகவேண்டும்.