ஒன்பது கோச்சும் ஒரு ஸாரி மெசேஜும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் தருகிறேன்: "நண்பர்களே, இனி நடத்த முடியவில்லை. கடையை மூடுகிறேன். எல்லாருக்கும் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவேன். ஸாரி." கீழே கைகூப்பும் இமோஜி. அரை மணி நேரத்தில் குரூப்பில் அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று மாற்றிவிட்டார். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

அவர் விற்றது மாடல் ரயில் கிட். நம்ம ஊர் நீல ஐசிஎஃப் கோச், எச்ஓ ஸ்கேல், அதாவது நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. ஒரு கிட் 3,200 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. நான் மூன்று கிட், என் பேட்ச் நண்பர்கள் ரெண்டு பேர் தலா ரெண்டு, ஜூனியர் ஒருத்தன் ரெண்டு. ஆக மொத்தம் ஒன்பது கோச், 28,800 ரூபாய். நாலு மாசத்தில் வரும் என்றார். ஒன்றரை வருஷம் ஆச்சு, ஒரு பெட்டி கூட வரவில்லை.

"பொம்மை ரயிலுக்கா இவ்வளவு காசு?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். கேட்கலாம், தப்பில்லை. என் தாத்தா பெரம்பூர் ஐசிஎஃப்பில் ஷெல் டிவிஷனில் வேலை பார்த்தவர். 1955-ல் அங்கே கட்ட ஆரம்பித்த அந்த டிசைனை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அவர் கை பட்ட மாதிரியான ஒரு பெட்டியை, 25 சென்டிமீட்டர் நீளத்தில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்.

என் 9,600 ரூபாய்க்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த ஜூனியர் பையன் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "அண்ணா, ஆளை நம்பலாமா?" என்று கேட்டான். "நானே கட்டிட்டேன்டா, தைரியமா கட்டு" என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்துச் சேர்த்த 6,400 ரூபாய் அது. மெசேஜ் வந்த அன்று அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "பரவால்லண்ணா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த விற்பனையாளர் மோசடிக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவர் அனுப்பிய சாம்பிள் போட்டோக்கள் நிஜம். ஜன்னல் கம்பி வரைக்கும் சரியாக வந்திருந்தது. நம்ம கோச்சுக்கு ஆசைப்படுகிறவர்கள் குறைவு. பெரிய கம்பெனி லட்சக்கணக்கில் செலவு செய்து இன்ஜெக்‌ஷன் மோல்டு போட மாட்டான். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ., வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்குச் செய்தது. நம்ம ரயிலுக்குத் தண்டவாளம்கூட இரவல்தான்! இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தனி ஆள் சிலிக்கான் அச்சு செய்து, ரெசின் ஊற்றி, வீட்டு மாடியில் கிட் தயாரிக்கிறார் என்றால் அவருக்கு முதல் போட ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். அதைத்தான் ப்ரீ-ஆர்டர் என்று அழகாகப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. எங்கள் ஸ்லீப்பர் கோச் வருவதற்கு முன்னாலேயே அவர் பேன்ட்ரி கார் கிட் ஒன்றை அறிவித்தார், அதற்கும் ஏர்லி பேர்டு டிஸ்கவுன்ட்டோடு. குரூப்பே கொண்டாடியது. நானும் தீ இமோஜி போட்டேன். இப்போது யோசித்தால் புரிகிறது: எங்கள் பணம் அதற்கு முந்தின கிட்டை முடிக்கப் போயிருக்கும். எங்கள் கிட்டை முடிக்க பேன்ட்ரி கார்காரர்களின் பணம் வேண்டியிருந்தது. அது கொஞ்சமாகத்தான் வந்தது, சங்கிலி அங்கே அறுந்தது. டைனமிக்ஸ் பேப்பரில் எழுபது வாங்கினவனுக்கு இது தெரியாமல் போச்சு.

இந்த ஹாபிக்குத் தாய்வீடு பிரிட்டன். அங்கேயும் இதே கதை நடந்திருக்கிறது. டிஜே மாடல்ஸ் என்ற கம்பெனி ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி மாடல் செய்யும் திட்டங்களை வைத்திருந்தது. அதில் ஒன்று ஏபிடி, வளைவுகளில் சாய்ந்து ஓடும் ரயில். 2019-ல் கம்பெனி மூடியது, பணம் கட்டியவர்களுக்கு ரயில் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே ஹார்ன்பி அதே ஏபிடியைத் தன் மாடலாக அறிவித்தது. அப்படியென்றால் வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள். ரயிலும் செய்யக்கூடியதுதான். நடுவில் பணம் எங்கே, யார் கணக்கில் இருந்தது என்பதுதான் கேள்வி.

லா காலேஜில் படிக்கும் என் பெரியம்மா பொண்ணு, அக்காவிடம் இதைப் புலம்பினேன். "நீ கஸ்டமர்னு நினைச்சுட்டு இருக்கே. பொருள் உன் கைக்கு வர்ற வரைக்கும் நீ வட்டியில்லாம, அடமானம் இல்லாம கடன் கொடுத்தவன்டா" என்றாள். அவள் சொன்ன ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு மண்டையிலேயே நிற்கிறது. கோஸ்டா ரிக்காவில் இருந்து ஒரு கம்பெனி சைக்கிள்களுக்கு முழுப் பணமும் அனுப்பியது. சைக்கிள்களைப் பெட்டியில் போட்டு, வாங்குபவர் பெயரையும் எழுதி, கப்பல் ஏற்றத் தயாராக வைத்திருந்தார்கள். அதற்குள் விற்பவர் திவால். 1957-ல் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? அந்தச் சைக்கிள்கள் இன்னும் விற்பவருடையவைதான். பெட்டி மேல் பெயர் இருந்தும்! எங்கள் கோச்சுகளுக்குப் பெட்டியே கிடையாது.

இன்னொரு வழக்கும் சொன்னாள். கேஃபோர்டு என்று தபால் ஆர்டரில் மெத்தை, குஷன் சாமான் விற்ற ஒரு கம்பெனி. அவர்களுக்குச் சரக்கு கொடுத்தவரே தள்ளாட ஆரம்பித்ததும், வாடிக்கையாளர்கள் கட்டும் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட முடிவு செய்தார்கள். பிறகு கம்பெனியும் மூழ்கியது. ஆனால் தனிக் கணக்கில் இருந்தது வாடிக்கையாளர்களின் பணம், மற்ற கடன்காரர்கள் தொட முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். செய்தது என்ன? ஒரு பேங்க் அக்கவுண்ட். நம் ஆதார், பான் கார்டு வைத்து ஒரு மதியத்தில் திறக்கக்கூடிய சமாச்சாரம்.

இது வெள்ளைக்காரன் ஊர் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தியாவில் 2016-ல் வந்த ரெரா சட்டப்படி பில்டர் ஒவ்வொரு திட்டத்துக்கும் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். ஏன் அந்தச் சட்டம் வந்தது? முதல் அபார்ட்மென்ட் காசில் அடுத்த இடத்தை வளைத்துப் போட்டு, இரண்டையும் அந்தரத்தில் விட்டதைப் பார்த்த பிறகுதான். ஸ்லீப்பர் கோச், பேன்ட்ரி கார் கதையேதான், அளவு பெரிசு. வீட்டுக்குச் சட்டம் இருக்கிறது. 3,200 ரூபாய் கிட்டுக்கு எவனும் சட்டம் போட மாட்டான். அதனால் கேட்க வேண்டியது வாங்குகிற நாம்தான்.

"இப்படியெல்லாம் கண்டிஷன் போட்டால் சின்ன ஆட்கள் யாரும் கிட்டே செய்ய மாட்டார்கள்" என்று என் ரூம்மேட் வாதம் செய்கிறான். பாதி உண்மை. முன்பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயரைப் பதிவு செய்ய 10 சதவீதம் வாங்கட்டும். சாம்பிள் கையில் வந்து, அதைப் பார்த்த பிறகு இன்னொரு பங்கு. அனுப்பும்போது மீதி. முந்தின கிட் போய்ச் சேரும் வரை புது கிட்டுக்குப் பணம் வாங்கக் கூடாது, என்னைக் கேட்டால் இந்த ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் நடத்த முடியாது என்கிற கடை, நம் பணம் வாங்கும் முன்னாலேயே ஆட்டம் காணும் கடைதான்.

பணம் எந்த வழியில் போகிறது என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974-ம் வருஷச் சட்டப்படி கார்டு கம்பெனியும் விற்பவரோடு சேர்ந்து பொறுப்பு. கடை மூடினாலும் கார்டு கம்பெனியிடம் கேட்கலாம். நாங்கள் நாலு பேரும் அனுப்பியது யூபிஐ-யில், அவருடைய சொந்த நம்பருக்கு. பேங்கில் போய்க் கேட்டேன். "நீங்களேதானே பின் போட்டு அனுப்புனீங்க தம்பி?" என்றார் அந்த மேடம். பதில் இல்லை.

நம்ம காலேஜுக்கும் வருகிறேன். டிபார்ட்மென்ட் ஹூடிக்குத் தலைக்கு 650 என்று வசூல் நடக்கிறது. எல்லாம் கோஆர்டினேட்டரின் ஜிபேவுக்கு, அவனுடைய கேன்டீன் பில்லும் பைக் பெட்ரோலும் போகும் அதே அக்கவுண்ட். ஐவி ட்ரிப்புக்கும் அப்படித்தான். யாரும் திருடன் இல்லை, எல்லாரும் நம்ம பசங்க. பிரின்டிங் கடைக்காரர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஷட்டரை இறக்கினால், எந்தப் பணம் யாருடையது என்று அந்தக் கோஆர்டினேட்டரால் காட்ட முடியுமா? ரெண்டு பேர் பெயரில் ஒரு தனி அக்கவுண்ட், ஒரு ஷீட். இந்த செமஸ்டரே செய்யலாம். போன வாரம் இதைச் சொன்னபோது "ஓவரா பண்றே" என்றார்கள்.

நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். புகார் எண் வந்திருக்கிறது, விற்பவரிடம் இருந்து பதில் வரவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்ததில் இருந்து ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பேமென்ட் ஸ்கிரீன்ஷாட், "நாலு மாசத்தில் வரும்" என்ற மெசேஜ், கடைசி ஸாரி, எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தாச்சு. குரூப்பில் இருந்து யாராவது வெளியேறியிருந்தால் சாட்டைக் கட்டாயம் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆளிடம் கட்டிய வேறு காலேஜ்காரர்கள் இதைப் படித்தால் ஆசிரியர் குழு மூலமாக எனக்குச் சொல்லுங்கள்.

ஜூனியரின் 6,400-ஐ இந்த மாச இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டில் இருந்து கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றான். பாதியையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.