பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?

1938இல் கொள்ளுப்பிட்டிக் கடலோரத்தில் தொடங்கிய கொழும்பு நீச்சல் கழகம், நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்தது. 1941இல் வெள்ளவத்தைக் கரையில் பிறந்த கின்ரோஸ் கழகமோ நீச்சலோடு உயிர்காப்பையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. அந்த இரண்டாவது சொல் நம் காதில் இன்னும் ஏறவில்லை.

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கு அப்பால் கடல். கடற்காற்றில் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

'பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?' என்று கேட்பவர்களே, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக மேடைதோறும் முழங்குகிறீர்கள். அந்தப் பிள்ளைகளில் பெண் சேர்த்தி இல்லையா? 2004 டிசம்பர் 26க்குப் பின் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நாம் அடக்கிய ஜனாஸாக்களில் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை! நீச்சல் சுனாமியை வென்றுவிடாது என்பது உண்மைதான். ஆனால் கால்வாயிலும் கடலிலும் தத்தளிக்கும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் மிதக்கத் தெரிந்தால் அதுவே உயிர்.

அன்று நிறம் பார்த்துத் தடுத்தவன் வெள்ளையன். இன்று தடுப்பது நாம்.

உடை பற்றிய கவலையா? பெண்களுக்குத் தனி நேரம் கேளுங்கள். பெண் பயிற்றுவிப்பாளரைக் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அதிபரும் சேர்ந்துபோய்க் கழகங்களின் கதவைத் தட்டட்டும்.