நுண்ணுயிர் புகட்டிய பாடம்

கதிரவனொளியை உண்டு வாழ்வன மரஞ்செடி கொடிகள் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். அவ்வொளியை முதற்கண் ஏற்பன பச்சையம் முதலிய நிறமி மூலக்கூறுகளாம். அவை ஏற்ற ஆற்றல், அண்டை மூலக்கூறுகளின் வழியே தாவிச் சென்று, வினைமையம் என்னும் இடத்தை அடைந்த பின்னரே உணவாக்குந் தொழில் தொடங்குகின்றது. இப்பயணத்தில் வீணாகும் ஆற்றல் மிகச் சொற்பம். இத்துணைச் செம்மையாக அஃது எங்ஙனம் வழியறிந்து செல்கின்றது? இவ்வினாப் பற்றி எழுந்த ஒரு வழக்கும், அது தீர்ந்த முறையும், மாணவராகிய நாம் கருத்தூன்றிப் பயிலத்தக்கன என்பது எமது துணிபு.

ஒரு வினாடியைப் பத்துக்கோடி கோடிப் பங்காக்கினால் அவற்றுள் ஒன்று ஒரு ஃபெம்டோ வினாடியாகும். வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் ஓடும் ஒளியும், அப்பொழுதிற்குள் தலைமயிரின் பருமனில் நூற்றிலொரு பங்கைக் கடவாது. இத்தகைய காலவளவில் நிகழும் ரஸாயன மாற்றங்களை லேசர் கொண்டு கண்டமைக்காகவே அகமது ஸெவைல் என்பார் 1999-ல் நோபல் பரிசு பெற்றார். ஒளிச்சேர்க்கையை ஆராய்வோர், லேசர்த் துடிப்புக்கள் மூன்றினை ஒன்றன்பின் ஒன்றாக மாதிரியின்மீது செலுத்தி, அதனின்று வரும் ஒளியை அளப்பர். எந்நிற ஒளியை ஏற்றது, எந்நிற ஒளியை ஈந்தது என்பதைப் படமாக வரைவர். துடிப்புக்களின் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் படங்களை அடுக்கினால், ஆற்றல் சென்ற வழி புலனாம். இஃது இருபரிமாண நிறமாலை முறை எனப்படும்.

2007-ல் அமெரிக்க தேசத்துப் பெர்க்கிலியில், கிரகாம் பிளெமிங், கிரெகரி எங்கல் முதலியோர், பசுங்கந்தக பாக்டீரியாவின் புரதமொன்றை இம்முறையால் ஆராய்ந்தனர். 77 கெல்வின் என்னும் கடுங்குளிரில், சமிக்ஞையானது 660 ஃபெம்டோ வினாடிகட்கு மேலும் ஏறியிறங்கித் துடிக்கக் கண்டனர். அத்துடிப்பைக் குவாண்டம் ஒத்திசைவின் அடையாளமாகக் கொண்டனர். ஆற்றல் அலைபோற் பல வழிகளிலும் ஒருங்கே பரவி, நல்வழியைத் தேர்கின்றது என்பது அவர் கருத்து. 2010-ல் டொரோண்டோவில் ஸ்கோல்ஸ் குழுவினர், கடல்வாழ் நுண்பாசியின் புரதத்தில், சாதாரண வெப்பநிலையிலும் அத்தகைய துடிப்பைக் கண்டதாக அறிவித்தனர்.

செய்தி உலகெங்கும் பரவிற்று. இலைக்குள்ளே குவாண்டம் கணிப்பொறி உண்டென்றனர் சிலர். இதுவே இறைவனது கைவண்ணத்திற்குச் சான்றெனப் பிரசங்கிப்பாரும், நம் முன்னோர் முன்னரே அறிந்த உண்மையென உரிமை கொண்டாடுவாரும் இத்தகைய செய்திகட்கு என்றும் உளர்.

நிற்க. சுவருக்கப்பால் தாளவோசை கேட்கின்றது. அது மிருதங்கமோ, உலக்கை இடியோ? ஓசையை மட்டுங் கேட்டவன் உறுதி கூறலாகாது. லேசர் காட்டிய துடிப்பின் நிலையும் இதுவே. எலெக்ட்ரான்களின் ஒத்திசைவும் அத்துடிப்பைத் தரும். மூலக்கூற்றிலுள்ள அணுக்களின் அதிர்வும் தரும். 2017-ல் ஹாம்பர்க் நகரத்து மில்லர், தோர்வார்ட் முதலியோர் பாக்டீரியாவின் அப்புரதத்தைச் சாதாரண வெப்பநிலையில் அளந்து, எலெக்ட்ரான்களின் ஒத்திசைவு ஏறக்குறைய 60 ஃபெம்டோ வினாடிகளில் மடிந்துவிடுகின்றது என்றும், ஆற்றலின் பயணத்திற்கு அது துணையாகாது என்றும் கூறினர். 2020-ல் பல தேசத்து ஆராய்ச்சியாளர் கூடியெழுதிய கட்டுரையும், நெடிது நின்ற துடிப்புக்கள் அதிர்வினால் எழுந்தவை என்றே முடிவு செய்தது. குவாண்டம் விதிகள் பொய்த்தனவல்ல. நிறமிகள் ஆற்றலைத் தம்முட் பகிர்ந்துகொள்வதும் அவ்விதிகளின்படியே. பொய்த்தது, நெடிதுநின்ற ஒத்திசைவே வழிகாட்டுகின்றது என்னும் கூற்று ஒன்றே.

"இன்று ஒன்று, நாளை ஒன்று கூறுவதோ விஞ்ஞானம்?" என எள்ளுவாருளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: ஒரு கூற்றைத் தவறென்று காட்டுதற்கு வழியுண்டாயின், அதுவே அத்துறையின் மாண்பு. 2007-ல் கண்ட துடிப்பு பொய்யன்று, கண்டவரும் பொய்யரல்லர். அளவைகளை மறையாது வெளியிட்டமையால் அன்றோ, பிறர் அவற்றை மீண்டும் ஆராயவும் பொருளைத் திருத்தவும் இயன்றது?

நமது நிலை யாது? ஆய்வுக்கூடத்தில் ஊசலின் காலத்தை அளக்கும் மாணவன், தான் கண்ட எண் புத்தகத்து எண்ணோடு பொருந்தாவிடின், கண்டதை அழித்துப் புத்தகத்ததை எழுதுகின்றான், மதிப்பெண்ணும் பெறுகின்றான். இச்சிறு பொய்யை வழக்கமென்று பொறுத்தல் பெருந்தவறாகும். பொருந்தாத எண்ணைத் துணிந்தெழுதி, அதன் காரணத்தை நாடுவோனுக்கே மிகுந்த மதிப்பெண் அளித்தல் வேண்டும். ஆசிரியர்கள் இதனைக் கருதுவாராக.

நம்பிக்கையுடையார்க்கும் ஒரு சொல். கனியாத முடிவுகளைச் சமயத்திற்கு முட்டாக நாட்டின், அம்முடிவு வீழும் நாளில் நாட்டியவன் வாக்கும் வீழும். உண்மைக்கு அஞ்சாத பக்திக்கு அத்தகைய முட்டு வேண்டுவதில்லை. கண்டதைக் கண்டவாறு கூறுதலும், தவறுணர்ந்தவிடத்து நாணாது திருத்துதலும் ஆய்வுக்கூடத்திற்கும் ஆலயத்திற்கும் பொதுவாகிய அறங்கள். கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்ணுயிர் நமக்குப் புகட்டிய பாடம் இதுவே.